ஆறாம் வேற்றுமை

கவாலா துறைமுகத்தில்
தாசோஸ் தீவுக்குச் சீட்டுக் கிழிப்பவன் அனெஸ்திஸ்.
ஞாயிறுகளில் மேட்டுக்கோயிலில்
நிருபம் வாசிப்பவனும் அவனே.
இரண்டுக்கும் ஒரே மூக்குக்கண்ணாடி, ஒரே தொண்டை.

நேற்று வாசித்ததில் ஒரு சொல்
பல்லிடுக்கில் எள்ளாய் நிற்கிறது.
அகராதியில் அதன் முகம்: எபிலந்தானோமே.
நம் காதுக்கு
'இழந்தோமே' என்று யாரோ கைபிசைவது போல.

எபி என்றால் மேல்.
லந்தானோ, கண்ணில் படாதிருத்தல்.
சேர்த்தால் மறத்தல் என்று சொல்லிவிட்டு
அகராதி எழுந்து போய்விடுகிறது.
நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் மறந்துவிடுவோம். மறந்துபோவோம்.
விடுவதும் போவதும் நமக்குக் கைவந்தவை.
கிரேக்கம் ஒரு 'கொள்' சேர்க்கிறது:
மறந்துகொள்கிறேன்.
போர்த்திக்கொள்வது போல.
கத்தி தவறிக் கையை
வெட்டிக்கொள்வது போலவும்.

இன்னொன்று.
நாம் ஒருவனை மறக்கிறோம்.
ஐ என்று ஒரு சின்ன உருபு,
வாசலுக்கு வெளியே தள்ள அது போதும்.
அவர்களோ பெரும்பாலும்
ஒருவனுடைய மறக்கிறார்கள்.
ஆறாம் வேற்றுமை.
மறந்த பிறகும் பத்திரம் அவன் பெயரிலேயே இருக்கும்.
அவசரத்தில் யாரேனும்
'ஆறா வேற்றுமை' என்று படித்தாலும்
திருத்த மாட்டேன்.

மலைக்கு அந்தப் பக்கம் இடிந்துகிடக்கும் ஊருக்கு
முன்பு வந்த நிருபத்தில் மட்டும்
பின்னால் கிடப்பவற்றோடு 'ஐ' நிற்கிறது.
அங்கும் வினை முடியவில்லை,
மறந்துகொண்டே இருக்கிறது.
எழுதியவன் கைதி.
சங்கிலி எட்டும் தூரத்துக்குள்
ஓடிக்கொண்டிருந்தான்.

அனெஸ்திஸுக்கு இந்த இலக்கணம் எதுவும் தெரியாது.
அவனுக்கு ஒரு தம்பி இருந்தான், ஸ்டெர்யோஸ்.
அண்ணன் கையெழுத்தைத் தானே போட்டு
அப்பாவின் படகை விற்றுவிட்டு
ஸ்டுட்கார்ட்டுக்கு ரயில் ஏறியவன்.
இருபத்திரண்டு வருடம்.

இன்று திங்கள். ஏழே முக்கால் படகு.
கண்ணாடித் துளை வழியே ஒரு கை நுழைந்தது.
"ஒருவர்."
"வண்டி?"
"இல்லை."
"திரும்பி வர?"
"பார்க்கலாம்."

கட்டைவிரல் அடியில் வெளுத்த தழும்பு,
தூண்டில் முள் ஏறிய இடம்.
அந்தத் தூண்டிலை வீசியவன்
ஒன்பது வயது அனெஸ்திஸ்.
படகை எண்ணி எண்ணி
இதை எங்கே வைத்தோம் என்று
இத்தனை வருடம் தேடவே இல்லை அவன்.

தலை நிமிரவில்லை.
வெளியே நின்றவனும் குனியவில்லை.
சீட்டு போயிற்று. கை போயிற்று.
மீதிச் சில்லறை இரண்டு நாணயம்
பலகையிலேயே கிடந்தது.

வேறொரு நிருபத்தில்
அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது இதே வேர்.
விருந்தோம்பலை மறவாதே என்னும்போது ஒருமுறை.
வந்தவர் யாரென்று அறியாமலே
சோறிட்டவர்களைச் சொல்லும்போது ஒருமுறை.
மறதியும் அறியாமையும் ஒரு வயிற்றில் பிறந்தவை,
ஒரே படகில் வளர்ந்தவை.

வரிசையில் ஆறு பேர் நிற்க
ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடினான்.
சாய்தளம் தூக்கியாகிவிட்டது.
மேல்தட்டில், முதுகு காட்டி, சாம்பல் நிறச் சட்டை.
பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தான்.
பெயர் வரவில்லை.
நாணயங்களை உயர்த்திக்காட்டிக் கத்தினான்:

"உன்னுடையது!"

சாம்பல் சட்டை திரும்பி
நெற்றிமேல் கை வைத்தது.
வெயிலுக்காக இருக்கலாம்.
கம்பியில் உட்கார்ந்திருந்த குருவிகள்
சங்கொலிக்கு எழும்பி
மறுபடி அதே கம்பியில் அமர்ந்தன.

இரவுக் கணக்கில் இரண்டு நாணயம் கூடுதல்.
யாருடையது என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்று, மூடிக்கொண்டது.
தீவிலிருந்து கடைசிப் படகு
ஒன்பதரைக்கு.
அவன் வேலை எட்டுக்கே முடிந்துவிட்டது.
விளக்கை அணைக்கவில்லை.